பந்து யாருக்கு?

பந்து என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது வலைப்பந்து மைதானமும், வியர்வை வழிய ஓடும் நம் பள்ளி அணியினரும்தான். ஆனால் நாங்கள் இங்கு எழுத எடுத்துக்கொண்ட பந்தை யாரும் எறிவதில்லை, அடிப்பதில்லை, உதைப்பதுமில்லை. அதன்மீது உட்காருகிறார்கள். முழங்காலுக்குமேல் உயரமுள்ள, காற்றடைத்த பிளாஸ்டிக் பந்து அது. உடற்பயிற்சிப் பந்து, சுவிஸ் பந்து, ஜிம் பால் எனப் பல பெயர்களில் கடைகளில் கிடைக்கிறது. இவ்வாண்டு நம் பள்ளிக்கும் நீல நிறத்தில் இரண்டு வந்து சேர்ந்தன. போட்டிகளுக்குச் செல்லும் அணியினரின் பயிற்சிக்கென வாங்கப்பட்டவை ஆதலால் விளையாட்டுப் பொருள் அறையில் பூட்டி வைக்கப்பட்டுள்ளன. சன்னல் வழியே எட்டிப் பார்க்கும் உரிமை மட்டும் மற்ற எங்களுக்கு உண்டு.

அவ்வுரிமை போதாது என்பதே எங்கள் கருத்து. அணியினர்மீது பொறாமை கொண்டு எழுதுகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். அவர்கள் வாங்கி வரும் கோப்பைகள் எங்களுக்கும் பெருமையே. இந்தப் பந்தின் கதையைப் படித்த பிறகுதான் இவ்வெண்ணம் எங்களுக்குள் எழுந்தது.

1963-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுப் பிளாஸ்டிக் உற்பத்தியாளர் அக்குவிலீனோ கொசானி என்பவர் இதனை உருவாக்கினார். அதைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தியவர்கள் சுவிட்சர்லாந்தில் இருந்தார்கள். அங்கே பணியாற்றிய மேரி குவின்டன் எனும் பிரிட்டிஷ் பிசியோதெரபிஸ்ட், பிறந்த சிசுக்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் சிகிச்சையளிக்க இதைக் கையாண்டார். பின்னர் பாசல் நகரத்தில் சூசன்னே கிளைன்-ஃபோகல்பாக் என்னும் அம்மையார், எலும்பு, மூட்டுத் தொல்லை உடைய பெரியவர்களுக்கு இதைக் கொண்டு பயிற்சி தந்தார். அதை நேரில் கண்ட அமெரிக்கப் பிசியோதெரபிஸ்டுகள் தம் நாட்டுக்குக் கொண்டு சென்று ‘சுவிஸ் பந்து’ என்று பெயரிட்டார்கள். பிறந்த ஊர் இத்தாலி, பெயர் மட்டும் சுவிஸ்! விளையாட்டு வீரர்களின் கைக்கு அது வந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆக, நிமிர்ந்து உட்கார முடியாதவர்களிடம் தொடங்கிய ஒரு பொருள், நம் பள்ளியில் நன்றாக ஓடுகிறவர்களுக்கு மட்டும் என்று ஆகியிருக்கிறது.

இப்பந்து செய்யும் வேலைதான் என்ன? நாற்காலியில் உட்காரும்போது நம் பாரத்தை நாற்காலி தாங்கிக்கொள்கிறது, உடல் சோம்பிவிடுகிறது. பந்தோ ஓயாமல் நகரப் பார்க்கிறது. அது இடப்பக்கம் நகர்ந்தால் நம் உடல் வலப்பக்கம் இழுக்கிறது. முன்னே உருண்டால் பின்னே இழுக்கிறது. இதைச் செய்பவை வயிற்றையும் முதுகையும் இடுப்பையும் சூழ்ந்த நடுவுடல் தசைகள். அவற்றுள் ஆழத்தில் இருக்கும் ஒன்று கச்சைபோல் வயிற்றைக் குறுக்கே சுற்றியிருக்கிறது. 1996-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நலமாக உள்ள ஒருவர் கையை உயர்த்தும்போது, கை அசைவதற்கு முன்னரே இந்தக் கச்சைத் தசை இறுகிவிடுகிறதாம். கீழ்முதுகு வலி உள்ளவர்களுக்கு அது தாமதமாகவே இறுகியது. கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் வயிற்றுக்குள் இப்படி ஒரு வேலை நடக்கிறது என்பது எங்களுக்கு வியப்பாகவே இருந்தது.

இனி எங்கள் வகுப்பைப் பாருங்கள். 48 பேரில் அணியில் இருப்பவர்கள் 9 பேர். மற்ற 39 பேரும் பள்ளியில் 7 மணி நேரம் பெஞ்சில், மாலையில் டியூஷனில் 2 மணி நேரம் பாயில், இரவில் வீட்டுப்பாடத்தின்மேல் கூனியபடி. பத்தாம் வகுப்பு வந்ததும் உடற்பயிற்சிப் பாடவேளை கணக்குப் பாடத்துக்கு நெருங்கிய உறவாகிவிடுகிறது. கணக்கு ஆசிரியை எங்களை மன்னிப்பாராக! முதுகு வலிக்கிறது என்று பதினைந்து வயதில் சொன்னால் பாட்டிமார் சிரிக்கிறார்கள். ஆனால் வலிக்கத்தான் செய்கிறது.

எங்களுள் ஒருத்தி சிறு வயதில் கால் முறிந்தவள். ஒரு காலில் வலு சற்றுக் குறைவு. ஆறாம் வகுப்பு முதல் விளையாட்டு நேரத்தில் அவளுக்கு ஒரே வேலை, எல்லோருடைய கைக்கடிகாரங்களையும் மடியில் வைத்துக் காப்பது. இதுவரை ஒரு கடிகாரம்கூடத் தொலைந்ததில்லை. அவளிடம் கேட்டுவிட்டே இதை எழுதுகிறோம். மருத்துவர் சம்மதித்தால், அந்த அறை திறக்கும் நாளில் முதலில் உட்கார வேண்டியவள் அவள்தான். அவளுக்கு ஓட வேண்டியதில்லை, குதிக்க வேண்டியதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, இரு பாதங்களையும் தரையில் ஊன்றி, பிறகு ஒரு குதிகாலை மட்டும் மெல்ல உயர்த்தினால் போதும். இதை எளிது என்று எண்ணுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்து பார்க்கட்டும். சமநிலைக்குக் கண், உட்காது, பாதமும் மூட்டுகளும் தரும் உணர்வு ஆகிய மூன்றும் துணை நிற்கின்றன. கண் விலகினால் மற்ற இரண்டும் எப்படித் தவிக்கின்றன என்பது அப்போது புரியும்.

சிலர் இது இடை மெலியும் வித்தை என்று நினைக்கிறார்கள். விளம்பரப் படங்களும் அப்படித்தான் காட்டுகின்றன. அந்த ஆசையில் பந்தைக் கேட்கும் தோழியருக்கு நாங்கள் பரிந்து பேச மாட்டோம். தசைக்கு வலுவூட்டும் பயிற்சி இது. வயிற்றுக் கொழுப்பை மட்டும் தனியே கரைக்கும் மந்திரம் இதில் இல்லை. அதுபோலவே நாள் முழுதும் நாற்காலிக்குப் பதிலாகப் பந்தில் உட்கார்ந்தால் முதுகு வலி தீரும் என்பதற்கும் நல்ல சான்று கிடையாது. பத்து, பதினைந்து நிமிடம் முறையாகச் செய்வதே பயன். தரையில் மல்லாந்து படுத்து, குதிகால்களைப் பந்தின்மேல் வைத்து இடுப்பை உயர்த்தும் பயிற்சி எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. (அணித் தோழி ஒருத்தி சன்னலுக்கு உள்ளிருந்து செய்து காட்டினாள்.)

“விழுந்து கையை உடைத்துக்கொண்டால்?” என்று பெற்றோர் கேட்பது நியாயமே. சுவர் மூலை, மேசை முனை இல்லாத இடத்தில், பாய் விரித்து, ஒருத்தி உட்கார மற்றொருத்தி பந்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குத்துப்பட்டாலும் பட்டென்று வெடிக்காமல் மெல்லக் காற்றிறங்கும் வகைப் பந்தாக இருப்பது நலம். உடையைப் பற்றிய கவலையும் வேண்டாம். விளையாட்டு நாளில் நாங்கள் அணியும் கால்சட்டையே போதும்.

மதிப்பிற்குரிய தலைமைச் சகோதரி அவர்களிடமும் உடற்பயிற்சி ஆசிரியை அவர்களிடமும் நாங்கள் வேண்டுவது இதுதான். அணியினர் பயிற்சி செய்யாத வெள்ளிக்கிழமை மாலைகளில், அரை மணி நேரம், அந்த அறையை அணியில் இல்லாதவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். ஆசிரியை ஒருமுறை உடனிருந்து கற்றுத்தந்தால், முறை வைத்துச் செய்ய எங்களுக்குத் தெரியும். இப்போதுள்ள இரண்டும் 55 சென்டிமீட்டர் பந்துகள். உட்கார்ந்தால் தொடை தரைக்கு இணையாக இருக்க வேண்டும் என்பது அளவு. 5 அடிக்குக் குறைந்தவர்களுக்குப் பொதுவாக 45 சென்டிமீட்டர்தான் பொருந்தும். எங்களுள் அப்படிப்பட்டவர்கள் பலர். ஆகவே பெற்றோர் ஆசிரியர் கழகம் சிறிய பந்து ஒன்று வாங்கித் தந்தால் நன்று. காற்றடிக்கும் வேலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.