சர்டிபிகேட் பிரேக் பிடிக்காது

கொஞ்சம் நீளமான இழை. பிள்ளைக்கு பைக் வாங்கித் தரப் போறவங்களாவது கடைசி வரை படிங்க. (நோயாளி யாருன்னு தெரியக்கூடாதுங்கறதால சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

போன மாசம் ஒரு ஞாயிறு மதியம். 24 வயசுப் பையன். தொடை எலும்பு முறிஞ்சு, மண்ணீரல் கிழிஞ்சு, பி.பி. 80-க்குக் கீழே. ரத்தம் ஏத்திக்கிட்டே தியேட்டருக்குத் தள்ளிட்டுப் போறோம். வெளியே நின்ன அப்பா என் கையைப் பிடிச்சு ஃபோனை நீட்டுறார். பழைய ரிப்போர்ட் ஏதோ காட்டுறார்னு நினைச்சேன். சர்டிபிகேட்! "அட்வான்ஸ்டு ரைடிங் கோர்ஸ் முடிச்சவன் சார். ரெண்டு நாள் ட்ரெய்னிங். இவன் எப்படி சார் விழுவான்?"

பையன் பிழைச்சுட்டான். மண்ணீரலை எடுக்க வேண்டியதாப் போச்சு, தொடையில கம்பி. பத்து நாள் கழிச்சு வார்டுல பேசினேன். கோர்ஸ்ல சொல்லிக் கொடுத்த மாதிரியே வளைவுல வண்டியைச் சாய்ச்சு அழகா எடுத்திருக்கான். வளைவு முடியுற இடத்துல வைக்கோல் ஏத்தின டிராக்டர் ரோட்டை மறிச்சுத் திரும்பிக்கிட்டு இருந்திருக்கு. "ட்ராக்குல டிராக்டர் வராது டாக்டர்"னான். சிரிக்கப் பார்த்தான், தையல் இழுத்துடுச்சு.

அவங்கப்பா கேட்ட கேள்விக்கு அன்னைக்கு என்னால பதில் சொல்ல முடியல. இப்போ சொல்றேன்: அந்த சர்டிபிகேட் அவனைக் காப்பாத்தல. ஒருவேளை விழ வெச்சதே அதுதானோன்னும் எனக்குச் சந்தேகம் இருக்கு.

கோவப்படாதீங்க. இது எனக்கே நடந்தது. மூணு வருஷம் முன்னாடி நண்பர்களோட சேர்ந்து ஒரு நாள் கார் கோர்ஸ் போனேன். தண்ணி ஊத்தின தளத்துல வண்டியை வழுக்க விட்டு, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி நேராக்கணும். அருமையா இருந்துச்சு, நாலாவது முறையில எனக்கு வந்துடுச்சு. அன்னைக்கு சாயங்காலம் ஜி.எஸ்.டி. ரோட்டுல வீட்டுக்கு வர்றேன். வழக்கமா 80-ஐத் தாண்டாதவன் நான். திடீர்னு ஸ்பீடோமீட்டரைப் பார்த்தா 110. பக்கத்து சீட்ல இருந்தவர்தான் "டாக்டர், மெதுவா"ன்னார். கோர்ஸ் கொடுத்தது திறமை பாதி, திமிர் பாதி. வழுக்குத்தளம் வீட்டுக்கு வர்ற வழியில இல்ல, திமிர் மட்டும்தான் கூடவே வந்துச்சு.

இதை நான் மட்டும் சொல்லல. நார்வேயில் 1979-ல் புது ஓட்டுநர்களுக்கு வழுக்குச் சாலைப் பயிற்சியைக் கட்டாயமாக்கினாங்க. பனி விழுற நாடு, நியாயமான யோசனைதான். பின்னாடி கணக்குப் பார்த்தா, வழுக்குச் சாலையில் இளம் ஆண்களோட விபத்து குறையவே இல்ல, கூடியிருந்தது. 1996-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வு இன்னும் சுவாரசியம். ஒரு குழுவுக்கு பிரேக் பிடிக்கிற, வண்டியைத் திருப்பித் தப்பிக்கிற வித்தைகளைச் சொல்லிக் கொடுத்தாங்க. இன்னொரு குழுவுக்கு, எவ்வளவு வித்தை தெரிஞ்சாலும் ஒரு கட்டத்துல வண்டி கைக்கு அடங்காதுன்னு அனுபவத்துலயே காட்டினாங்க. பிறகு சோதிச்சா ரெண்டு குழுவோட உண்மையான திறமையும் ஒண்ணுதான். ஆனா முதல் குழு தன்னைப் பத்தி ரொம்ப உசத்தியா நினைச்சுக்கிட்டு இருந்தது.

எங்க மருத்துவ உலகத்துல காக்ரேன்னு ஒரு அமைப்பு இருக்கு. ஒரு சிகிச்சை வேலை செய்யுதா இல்லையான்னு உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் திரட்டிச் சலிச்சுப் பார்ப்பாங்க. லைசென்ஸ் வாங்கின பிறகு கொடுக்கிற பயிற்சியையும் 2003-ல் அப்படிச் சலிச்சாங்க. 24 ஆய்வுகள், 3 லட்சத்துக்கும் மேல ஓட்டுநர்கள். இந்தப் பயிற்சி விபத்தையோ காயத்தையோ தடுக்குதுங்கறதுக்கு ஆதாரம் கிடைக்கல. பெரும்பாலும் அமெரிக்க ஆய்வுகள், நம்ம ரோடு வேறன்னு நீங்க சொல்லலாம். சரி. ஆனா ஒரு மாத்திரைக்கு இப்படி ஒரு ரிசல்ட் வந்திருந்தா நான் அதை உங்களுக்கு எழுதித் தர மாட்டேன்.

அப்போ பயிற்சியே வேண்டாமா? அப்படிச் சொல்ல வரல. அடிப்படையே தெரியாதவனுக்கு அட்வான்ஸ்டு எதுக்குன்னுதான் கேக்குறேன்.

ஆர்.டி.ஓ. மைதானத்தை நினைச்சுப் பாருங்க. பைக்குக்கு எட்டு. கால் ஊனாம பத்து கிலோமீட்டர் வேகத்துல எட்டு போட்டா லைசென்ஸ். நாற்பதுல வந்து திடீர்னு நிறுத்திக் காட்டச் சொன்னாங்களா? எனக்குச் சொல்லல. கார் பழகினவங்க பலர் ஹைவேயில ஏறினதே லைசென்ஸ் வாங்கின பிறகுதான். முதல் நாள் லாரியை ஓவர்டேக் பண்றப்போ பக்கத்துல மாஸ்டரும் இல்ல, அவர் காலடியில இருந்த இன்னொரு பிரேக்கும் இல்ல.

நான் கேஷுவாலிட்டியில் விழுந்து வர்றவங்ககிட்ட கேக்குற கேள்வி ஒண்ணு உண்டு: "முன் பிரேக் பிடிச்சீங்களா?" பாதிப் பேர் அலறுறாங்க. "ஐயோ, முன் பிரேக் பிடிச்சா தூக்கிப் போட்டுடும் டாக்டர்." யார் சொன்னா? அண்ணன் சொன்னார், மாமா சொன்னார். நாம ஓட்டக் கத்துக்கிட்டதே அவங்ககிட்டதானே.

விஷயம் நேர் எதிர். பிரேக் பிடிக்கும்போது வண்டியோட பாரம் முன் சக்கரத்துக்குப் போகுது, பின் சக்கரம் லேசாகுது. அதனால நிறுத்துற சக்தியில பெரும்பங்கு முன் பிரேக்குலதான். காஞ்ச தார் ரோட்டுல 60-ல் வரும்போது ரெண்டையும் சரியாப் பிடிச்சா ஏறக்குறைய 20 மீட்டர்ல நிக்கும். பின் பிரேக்கை மட்டும் மிதிச்சா அதுபோல ரெண்டு மடங்கு. இதுல மூளை சுதாரிக்கிற ஒண்ணரை செகண்டைச் சேர்க்கல, அதுக்குள்ளயே 25 மீட்டர் போயிடுது. தூக்கிப் போடுறது முன் பிரேக் இல்ல, கடைசி நொடி பீதியில அதை வெடுக்குன்னு இழுக்குறது. எலுமிச்சம்பழம் பிழியற மாதிரி அழுத்தத்தை ஏத்திக்கிட்டே போகணும். மணலும் ஈரமும் இருந்தா இன்னும் இதமா.

1981-ல் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நேர்ல போய் ஆராய்ஞ்ச அறிக்கை வந்தது. சிக்கினவங்கள்ல 92 சதவீதம் பேர் தானாவோ, வீட்டு ஆளுங்க நண்பர்கள்கிட்டயோ ஓட்டக் கத்துக்கிட்டவங்க. பலரும் பின் பிரேக்கை ஓவரா மிதிச்சு, முன் பிரேக்கைத் தேவைக்குக் குறைவாப் பிடிச்சிருந்தாங்க. ஆபத்தைப் பார்த்து முடிவெடுக்க அவங்களுக்குக் கிடைச்ச நேரம் பெரும்பாலும் 2 செகண்டுக்குள்ள. நாற்பது வருஷத்துக்கு மேலாச்சு, என் வார்டு கதையும் அதேதான்.

2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவங்க 1,68,491 பேர். தமிழ்நாட்டுல மட்டும் 17,884. நாடு முழுக்கப் பார்த்தா இதுல பத்துக்கு நாலு பேருக்கும் மேல இருசக்கர வண்டியில போனவங்க. இவங்கள்ல எவ்வளவு பேர் நல்லா எட்டு போட்டு பாஸ் ஆனவங்களோ!

இன்னொரு கூத்து. 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசு விதிப்படி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்துல காருக்கு 29 மணி நேரம் படிச்சு அங்கேயே தேறிட்டா, ஆர்.டி.ஓ.வுல ஓட்டிக் காட்ட வேண்டாம். 29 மணி நேரம் நல்ல விஷயம், மனசாரப் பாராட்டுறேன். ஆனா ஃபீஸ் வாங்குறவரே பரீட்சையும் வைக்கிறதா? நான் டியூஷன் எடுத்து, நானே கேள்வி கேட்டு, நானே எம்.பி.பி.எஸ். பட்டம் கொடுத்தா, அந்த டாக்டர்கிட்ட அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்குப் படுப்பீங்களா? சொல்லிக் கொடுக்கிறவர் வேற, சோதிக்கிறவர் வேறயா இருக்கணும். பிரிட்டன்ல 2002-லிருந்து வீடியோ போட்டு, ஆபத்து எங்கே உருவாகுதுன்னு எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறீங்கன்னு சோதிச்ச பிறகுதான் லைசென்ஸ். கம்ப்யூட்டர்ல எல்.எல்.ஆர். பரீட்சை வைக்கத் தெரிஞ்ச நமக்கு இது முடியாதா? மினிபஸ் பின்னாடி இருந்து ஓடி வர்ற ஸ்கூல் பிள்ளை, சந்துக்குள்ள தெரியுற டிராக்டர் மூக்கு. நம்ம ரோட்டுலயே வீடியோ எடுத்து வைங்க.

அது வர்ற வரைக்கும் என் ப்ரிஸ்கிரிப்ஷன். ஞாயித்துக்கிழமை காலையில ஆள் நடமாட்டம் இல்லாத மைதானமோ லேஅவுட் ரோடோ பாருங்க. ஹெல்மெட், ஷூ, முழுக்கைச் சட்டை. முதல்ல 20-ல் வந்து ரெண்டு பிரேக்கும் பிடிச்சு நிறுத்துங்க. கை பழகினதும் 30, அப்புறம் 40. நின்ன இடத்துல ஒரு கல் வைங்க. பத்து முறைக்குள்ள கல் எவ்வளவு முன்னாடி வருதுன்னு பாருங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை திரும்பவும் பண்ணுங்க.

ரோட்டுல, முன்னாடி போற வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டினதும் ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு, ஆயிரத்து மூணுன்னு எண்ணுங்க. முடிக்கறதுக்குள்ள நீங்க கம்பத்துக்கு வந்துட்டா ரொம்ப ஒட்டிப் போறீங்க. "இடைவெளி விட்டா எவனாவது நுழைஞ்சிடுறான் சார்." நுழையட்டும். திரும்ப எண்ணுங்க.

"நான் இருபது வருஷமா ஓட்டுறேன், ஒரு கீறல் இல்ல"ன்னு கமெண்ட்ல எழுத ஏற்கெனவே டைப் பண்ண ஆரம்பிச்சிருப்பீங்க. 1981-ல் ஒரு ஸ்வீடன் ஆய்வாளர் அமெரிக்க மாணவர்கள்கிட்ட கேட்டப்போ, 93 சதவீதம் பேர் நான் பாதிப் பேரைவிட நல்லா ஓட்டுறவன்னாங்க. கணக்கு தெரிஞ்சவங்க யோசிச்சுக்கோங்க. அந்தக் கமெண்டைப் போடுங்க, தடுக்கல. கூடவே ஒரு தேதியும் போடுங்க: கடைசியா எப்போ, வேணும்னே, ஆளில்லாத இடத்துல, முழு பிரேக் பிடிச்சுப் பார்த்தீங்க?