சர்க்கரை வியாதிக்கு வாய் கிடையாதா?

சர்க்கரைக்காரர்களுக்குக் கண் டெஸ்ட் உண்டு, கால் டெஸ்ட் உண்டு. வாயைத் திறக்கச் சொல்லும் டாக்டர் எத்தனை பேர்?

சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு வீங்கியே கிடந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, சர்க்கரை இன்னும் ஏறும். வட்டிக்கு வட்டி கதைதான்! ஈறுக்கு அடியில் ஆழமாகச் சுத்தம் செய்தால் 3-4 மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.43 புள்ளி குறைகிறது என்கிறது 2022-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு. மாத்திரைக்குப் பதிலாக அல்ல, மாத்திரையோடு சேர்த்து.

"க்ளீன் பண்ணா பல் ஆடிடும்" என்று ஒரு பயம் வேறு. பல்லை ஆட்டுவது காரையும் கிருமியும்தான் சாமி!

இந்தியாவில் சர்க்கரைக்காரர்கள் சுமார் 10 கோடி பேர் என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. ஆனால் மருத்துவக் காப்பீட்டில் பல் வைத்தியம் பெரும்பாலும் விபத்துக்கு மட்டும்தான். சர்க்கரை முற்றி ஆஸ்பத்திரியில் படுத்தால் பணம் வரும். அதைக் குறைக்க உதவும் வைத்தியத்துக்கு வராது. இது எந்த ஊர்க் கணக்கு?

பல் அழகுக்கு என்ற நினைப்பை விடுங்கள். சர்க்கரை டாக்டரின் மருந்துச் சீட்டில் 'ஈறைக் காட்டவும்' என்று ஒரு வரி ஏறட்டும். காப்பீட்டில் அதற்கு ஒரு பத்தி ஏறட்டும்.