கை மேலே எழவில்லையா? சர்க்கரையைப் பாருங்கள்!

கொட்டிவாக்கம் குப்பத்தில் மீன் கூடை தூக்கும் பெண்ணாகட்டும், அடுக்கு மாடியில் குடியிருக்கும் அதிகாரியாகட்டும், 40 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த வியாதி வரலாம்.

முதலில் தோளில் வலி. இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாது. பிறகு தோள் இறுகி விடும். தலை வாரக் கை எழாது.

இதற்கு "உறைந்த தோள்" என்று 1934-ம் ஆண்டில் பெயர் வைத்தவர் அமெரிக்க டாக்டர் காட்மன். தோள் மூட்டைச் சுற்றியுள்ள சவ்வுப் பை தடித்துச் சுருங்குவதால் இது வருகிறது.

சுளுக்கு என்று நினைத்துக் கையை வெடுக்கென்று இழுப்பது தவறு. வலிக்குப் பயந்து கையை அசைக்காமல் இருப்பதும் தவறு!

என்ன செய்யலாம்?

வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். நல்ல கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, மற்ற கையை ஊஞ்சல் போல மெல்ல ஆட்டலாம். சுவரில் விரல்களால் படிப்படியாக ஏறலாம். வலி கடுமையானால் டாக்டர் மூட்டில் ஊசி போடுவார். குணமாக 1 முதல் 3 ஆண்டு வரை ஆகலாம். பொறுமை வேண்டும்.

சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கே இது அதிகம் வருகிறது. சர்க்கரை இருப்பது தெரியாமலே தோள் வலியோடு திண்டாடுகிறவர்களும் உண்டு. ஆகவே எண்ணெய் தேய்ப்பதோடு நிற்காமல், ரத்தத்தையும் சோதிக்க வேண்டும்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5-ந் தேதி "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைத் தொடங்கியது. சர்க்கரை மாத்திரையும் இயன்முறை சிகிச்சையும் ஒரே வாசலுக்கு வர அது வழி செய்தது. சரியான யோசனை!

கொடியில் துணி போட அம்மா திணறுகிறாரா? "வயதாகி விட்டது" என்று விட்டு விடாதீர்கள். நாளையே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.