பின் கண்ணாடி ஒழுகுதா? சிலிக்கானைக் கையில் எடுக்கும் முன்...

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால், பழைய ஸ்டேஷன் வேகன் கார் வைத்திருக்கும் வீடுகளில் ஒரு காட்சி அடிக்கடி நடக்கும். டிக்கியைத் திறந்தால் குப்பென்று ஈர வாடை. மேட்டைத் தூக்கினால், ஸ்டெப்னி உட்கார்ந்திருக்கும் குழியில் சொம்பால் மொள்ளும் அளவுக்குத் தண்ணீர்.

"பின்னாடி கண்ணாடி ஆடுதுடா. டிக்கியைச் சாத்தும்போதெல்லாம் டக்குனு ஒரு சத்தம் கேக்குது" என்பார் பின் சீட்டில் உட்காரும் பாட்டி. "அது ஒண்ணுமில்லம்மா. ஒரு சிலிக்கான் ட்யூப் வாங்கி மேலே பூசிட்டா சரியாப் போயிடும்" என்பார் மகன்.

பாட்டி சொன்னது சரி. மகன் சொன்ன வைத்தியத்தில்தான் சிக்கல்.

தண்ணீர் மட்டும் வருவதில்லை

1992-ல் வந்த டாடா எஸ்டேட், 2004-ல் வந்த இண்டிகோ மெரினா போன்ற கார்களில் கூரை கடைசி வரை நீண்டிருக்கும். செடான் காரில் டிக்கி தனி அறை. ஸ்டேஷன் வேகனில் அப்படி இல்லை. டிக்கியும் சீட்டும் ஒரே கூடம். பின் கண்ணாடி வழியாக எது நுழைந்தாலும் நேராக ஆட்கள் இருக்கும் இடத்துக்கே வரும்.

கார் ஓடும்போது அதன் முதுகுப் பக்கம் காற்றழுத்தம் குறைந்து, காற்று சுழலும். அந்தச் சுழல் தூசியையும் சைலன்ஸர் புகையையும் கண்ணாடி வரை மேலே இழுக்கும். இந்த வகைக் கார்களின் பின் கண்ணாடி சீக்கிரம் அழுக்காவதும், அதற்குத் தனி வைப்பர் வைப்பதும் இதனால்தான். கண்ணாடி ஓரத்தில் இடைவெளி இருந்தால் புகையும் உள்ளே வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், அசதி என்று ஆரம்பிக்கும். பின் சீட்டில் குழந்தை தூங்கி வழிந்தால், பயணக் களைப்பு என்றுதான் வீட்டில் நினைப்பார்கள்.

அதனால் சரிசெய்யும் வரை, வண்டியை நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டபடி உள்ளே உட்காரக் கூடாது. ஓட்டியே தீர வேண்டுமென்றால், முன் ஜன்னல்களைத் திறந்து, வெளிக்காற்று உள்ளே வரும்படி ஃபேனை வைக்க வேண்டும்.

முதலில் ஓட்டையைக் கண்டுபிடிக்கணும்

ஈரம் தெரியும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். மேல் மூலையில் நுழைந்த தண்ணீர், தகட்டின் உள்பக்கமாகவே ஓடி ஸ்டெப்னி குழியில் சேரும்.

டிக்கியைக் காலி செய்து, உள்பக்க பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றி, எல்லாவற்றையும் உலரத் துடைக்க வேண்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, இன்னொருவர் ஹோஸ் பைப்பில் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். கீழ் ஓரத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு பக்கமும் சில நிமிடம் விட்டு, மேலே போக வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது குற்றவாளி என்றே தெரியாது. உள் ஓரத்தில் முகப்பவுடர் தூவி வைத்தால், தண்ணீர் வந்த வழி கோடாகத் தெரியும்.

சில சமயம் கண்ணாடி மீது தப்பே இருக்காது. பின் லைட்டின் கேஸ்கெட், டிக்கிக் கதவைச் சுற்றியுள்ள ரப்பர், கூரைக் கம்பியின் போல்ட், பின் வைப்பருக்குத் தண்ணீர் கொண்டுவரும் ட்யூப் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். ட்யூப் கழன்றிருந்தால் மழையே இல்லாமலும் ஒழுகும்.

கண்ணாடி எப்படி நிற்கிறது?

அம்பாசிடர் காலத்து வண்டிகளில் கண்ணாடி ரப்பர் பீடிங்கில் பொருந்தியிருக்கும். பீடிங் வெயிலில் காய்ந்து சுருங்கி, மூலைகளில் வெடித்துவிடும். ரப்பர் இன்னும் மெத்தென்று இருந்தால், அதன் உதட்டை மெல்லத் தூக்கி, இறுகிப்போகாத பியூட்டைல் சீலன்ட்டை உள்ளே செலுத்தினால் போதும். கல்லாகியிருந்தால் புது பீடிங்தான். பீடிங்கைக் கண்ணாடியில் மாட்டி, அதன் பள்ளத்தில் நைலான் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, சட்டத்தில் வைக்க வேண்டும். உள்ளிருந்து ஒருவர் கயிற்றை மெல்ல இழுக்க, வெளியிலிருந்து இன்னொருவர் உள்ளங்கையால் அழுத்த, ரப்பர் தானாகத் தகட்டின் மேல் ஏறி உட்காரும்.

பிந்தைய கார்களில் கண்ணாடியை யூரித்தேன் பசையால் ஒட்டியிருப்பார்கள். அது ஆடினால், கண்ணாடியைக் கழற்றி மறுபடி ஒட்டுவதுதான் சரி. இது கண்ணாடிக் கடைக்காரரின் வேலை. கம்பியால் பழைய பசையை அறுத்து, மெல்லிய படிவத்தை மட்டும் விட்டுவைத்து, பிரைமர் அடித்து, புதுப் பசை போடுவார். பசை காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும். எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம் என்று ட்யூபில் போட்டிருப்பதை மீறக் கூடாது. அதுவரை ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால், கதவைச் சாத்தும்போது உள்ளே அமுங்கும் காற்று, ஈரப்பசையில் நிற்கும் கண்ணாடியை வெளியே தள்ளிவிடும்.

சிலிக்கான் ஏன் வேண்டாம்?

கண்ணாடிக்கு அடியில் துரு பிடித்தால் தகடு உப்பி, கண்ணாடியை மேலே தூக்கும். ஆட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம். மேலே சிலிக்கான் பூசினால், துரு உள்ளேயே இருந்து தின்னும். புளித்த வாடை வரும் சாதாரண சிலிக்கான் தகட்டையும் அரிக்கும். பிறகு நல்ல பசை போட நினைத்தால், சிலிக்கான் படிந்த இடத்தில் அது ஒட்டாது. கண்ணாடியைக் கழற்றிய கையோடு, துருவை உப்புத்தாளால் தேய்த்து, பிரைமரும் பெயின்ட்டும் அடித்து, நன்றாகக் காயவிட வேண்டும். தகடு ஓட்டையாகியிருந்தால் முதலில் டிங்கரிங்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. பின் கண்ணாடி பொதுவாக டஃபண்டு வகை. ஓரத்தில் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் மொத்தமும் பொடிப்பொடியாக உதிரும். கண்ணாடியில் தெரியும் மெல்லிய கோடுகள் பனி நீக்கும் ஹீட்டர். வயரைக் கழற்றிவிட்டே வேலை செய்ய வேண்டும், அந்தக் கோடுகள் மேல் பிளேடு படக் கூடாது.

வேலை முடிந்து பசை காய்ந்ததும் மறுபடி ஒருமுறை தண்ணீர் சோதனை. உள்ளே ஒரு சொட்டும் இல்லை என்றால், பாட்டியைப் பின் சீட்டில் உட்காரவைத்து டிக்கியை ஒருமுறை சாத்திப் பார்க்கலாம். அந்த 'டக்' சத்தம் போய்விட்டதா என்று அவர் சொல்லிவிடுவார்.