தில்லியில் எழுதி, சென்னையில் அச்சாகி

‘கணையாழி’ தில்லியில் பிறந்த பத்திரிகை என்பது இன்றைய வாசகர் பலருக்குத் தெரியாது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்காகத் தில்லியில் செய்தி சேகரித்துவந்த கி. கஸ்தூரிரங்கன் 1965-இல் அதைத் தொடங்கினார். விமானப் போக்குவரத்துத் துறை வேலையில் அப்போது தில்லியில் இருந்த சுஜாதா, ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற பெயரில் அதன் கடைசிப் பக்கத்தை எழுத ஆரம்பித்தார். பின்னாளில் சென்னையில் அசோகமித்திரன் அதை ஆண்டுக்கணக்கில் தோளில் சுமந்தார். ஆனால் விதை விழுந்த இடம் தலைநகரம்.

அந்தக் காலத்துத் தில்லியில் யார் யார் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்துக்கொண்டு, தமிழ் விமர்சனத்தை விடாமல் நடத்திய க.நா. சுப்ரமண்யம். பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதி. மத்திய அரசு ஊழியராக இருந்துகொண்டே எவருக்கும் அஞ்சாமல் விமர்சனம் எழுதிய வெங்கட் சாமிநாதன். அகில இந்திய வானொலிக்காக வந்த தி. ஜானகிராமன். ரயில்வே துறையிலும் பிறகு நேஷனல் புக் டிரஸ்டிலும் வேலை பார்த்த ஆதவன். இவர்கள் பதிவு எண்ணும் உறுப்பினர் அட்டையும் கொண்ட குழு அல்ல. ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தார், ஒப்புக்கொள்ளாதபோது முகத்துக்கு நேரே சொன்னார். எழுத்தாளர் குழு என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இருக்க முடியாது.

அவர்களுடைய புத்தகங்கள் அச்சானதும் விற்றதும் பெரும்பாலும் சென்னையில்தான். அதனாலேயே அவற்றின் தில்லி முகவரி மங்கிப்போனது. இந்திரா பார்த்தசாரதியின் ‘தந்திர பூமி’, ‘சுதந்திர பூமி’ இரண்டும் தலைநகர அதிகார வட்டத்துக்குள் புகுந்து பார்த்த நாவல்கள். ‘சுதந்திர பூமி’யில் அமைச்சர் வீட்டுச் சமையலறை வழியாக அரசியலில் ஏறும் முகுந்தனைச் சென்னையில் உட்கார்ந்து கற்பனை செய்திருக்க முடியுமா? கீழ்வெண்மணிக் கொடுமையை அடிப்படையாகக் கொண்ட அவருடைய ‘குருதிப்புன’லில்கூட, தஞ்சைக் கிராமத்துக்கு வரும் கோபாலும் சிவாவும் தில்லியிலிருந்துதான் வருகிறார்கள். 1977-இன் சாகித்திய அகாதெமி விருது அந்த நாவலுக்குக் கிடைத்தது.

நாடகத்துக்கும் இதே கதைதான். தில்லியின் தட்சிண பாரத நாடக சபா இந்திரா பார்த்தசாரதியின் ‘மழை’யை மேடையேற்றியது. அதில் நடித்த எஸ்.கே.எஸ். மணி, க.நா.சு.வின் மருமகன். பிறகு ‘பாரதி’ படத்தில் பாரதியின் தந்தையாக நடித்துப் பாரதி மணி ஆனவர். அரை நூற்றாண்டுத் தில்லி வாழ்க்கையை எழுபது வயதில்தான் எழுதத் தொடங்கினார். ‘பல நேரங்களில் பல மனிதர்கள்’ புத்தகத்தில் தலைநகரத் தமிழரின் திருமணமும் சாவும், அலுவலகமும் அரங்கும் உயிரோடு இருக்கின்றன. அவர் எழுதாமல் போயிருந்தால் அவ்வளவும் 2021-இல் அவரோடு போயிருக்கும்.

ஆதவனின் கதை மனத்தை வருத்துவது. கல்லிடைக்குறிச்சியில் பிறந்து தில்லியில் வளர்ந்தவர். ‘காகித மலர்க’ளில் ஓர் உயர் அதிகாரியின் குடும்பத்தை வைத்து, இந்த நகரத்தில் ஒவ்வொருவரும் போட்டுக்கொள்ளும் முகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டினார். 1987 ஜூலையில் சிருங்கேரியில் துங்கை ஆறு அவரை இழுத்துக்கொண்டது. அப்போது வயது 45. ‘முதலில் இரவு வரும்’ தொகுப்புக்கு அகாதெமி விருது வந்தபோது அவர் இல்லை. பிறகு அவருடைய சிறுகதைகளைத் தொகுத்தவர் இந்திரா பார்த்தசாரதி. ஆதவன் என்ற பெயர் இன்றைய இளைஞர்களின் கையில் இருப்பதில் அந்த நட்புக்கும் பங்கு உண்டு.

அந்தத் தலைமுறையோடு எதுவும் முடிந்துவிடவில்லை. மத்திய அரசு அதிகாரியாக இருந்த பி.ஏ. கிருஷ்ணன் ஆங்கிலத்தில் தாம் எழுதிய நாவலைத் தாமே தமிழில் ‘புலிநகக் கொன்றை’யாக எழுதினார். 2000-களில் யதார்த்தா கி. பென்னேஸ்வரன் ‘வடக்கு வாசல்’ மாத இதழைத் தலைநகரிலிருந்து நடத்தினார். ராகவன் தம்பி என்ற பெயரில் அவர் எழுதிய ‘சனிமூலை’ பத்தி புத்தகமாகவும் வந்தது. ‘தில்லிகை’ இலக்கிய வட்டம் புது ரத்தத்தைக் கூட்டங்களுக்கு அழைத்துவந்தது.

இன்று புதிய புத்தகம் ஒன்று வெளியானால் பொன்னாடைக்கும் வாழ்த்துரைக்கும் எந்த ஊரிலும் குறைவில்லை. புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து பேசுபவர்கள்தான் குறைவு. க.நா.சு.வும் வெங்கட் சாமிநாதனும் உலவிய ஊரில் இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. வெளியீட்டு நாளுக்கு ஒரு மாதம் முன்பே நான்கு பேருக்குப் படி கொடுத்து, குறைகளையும் சேர்த்துப் பேசச் சொன்னால் எழுதியவருக்கு அதுவே பெரிய பரிசு.

1946-இல் தொடங்கிய தில்லித் தமிழ்ச் சங்கத்துக்கு ராமகிருஷ்ணபுரத்தில் நூலகம் இருக்கிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. தில்லியில் எழுதப்பட்ட தமிழ்ப் புத்தகங்களுக்கென்று அந்த நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்கி, ‘காகித மலர்க’ளில் தொடங்கிப் போன மாதம் வந்த கவிதைத் தொகுப்பு வரை வரிசையாக அடுக்கலாம். ஏழு பள்ளிகளின் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களை ஒரு சனிக்கிழமை அங்கே அழைத்துச் செல்லலாம்.