தூதரகம் இல்லாத் தமிழன்

ஒரு நாட்டினின்று மற்றொரு நாட்டிற்குச் செல்வோன் கையில் பெரும்பாலும் இரண்டு தாள்கள் இருத்தல் வேண்டும். ஒன்று, 'இவன் எம் குடிமகன்' என்று அவன் நாடு எழுதிக் கொடுக்கும் கடவுச்சீட்டு. மற்றொன்று, 'இவன் வரலாம்' என்று போகும் நாடு எழுதிக் கொடுக்கும் நுழைவிசைவு. 'விசா' என்று பலரும் வழங்குவது இதனையே. வானூர்தி நிலையத்தில் கண்ணாடித் தடுப்பிற்குப் பின்னால் அமர்ந்திருக்கும் குடிவரவு அலுவலர் அவற்றைப் புரட்டிப் பார்ப்பார். ஏன் வந்தாய், எங்குத் தங்குவாய், எப்போது திரும்புவாய் என்று வினவுவார். ஐயுற்றால் தடுத்து நிறுத்துவார். அவ்வினாக்களின் முன் நம்மவர் எத்துணையோ பேர் கூனிக் குறுகி நின்றிருக்கின்றனர். அதைப் பற்றிப் பேசுவோரும் எழுதுவோரும் பலர். ஆயின், எந்தத் தாளும் வேண்டாத ஓர் எல்லையில் தமிழன் அதனினும் பன்மடங்கு கொடுமைக்கு ஆளாகியிருக்கிறான் என்பதைப் பேசுவோர் மிகச் சிலரே. அவ்வெல்லை, தமிழ்நாட்டிற்கும் ஆந்திரத்திற்கும் இடைப்பட்ட எல்லை. அத்தமிழன், மலைவாழ் தமிழன்.

திருப்பத்தூர் மாவட்டத்துச் சவ்வாது மலைமேல் நெல்லிவாசல்நாடு, புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு என மூன்று ஊராட்சிகள் உள. பெயர்களைப் பாருங்கள்! தம் சிற்றூர்த் தொகுதியையே 'நாடு' என்று அழைத்து வாழ்ந்த மக்கள் அவர்கள். அரசின் பழங்குடிப் பட்டியல் அவர்களை மலையாளிகள் என்று குறிக்கின்றது. அப்பெயர் கேட்டுக் கேரளத்தார் என மயங்குதல் வேண்டா. மலையை ஆள்வோர் மலையாளிகள். அவர்தம் தாய்மொழி தமிழே. காஞ்சியினின்று வந்தோம் என்பது அவர்களிடை வழிவழி வரும் செய்தி. சாமை விளைத்தும், தேனும் புளியும் கடுக்காயும் திரட்டியும் வாழ்ந்த அம்மக்கள், வானம் பொய்த்தாலும் விலை வீழ்ந்தாலும் மலையிறங்கிக் கூலி தேடுவதன்றி வேறு வழியற்றவர்கள். கேரளத்திற்கும் கருநாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் அங்ஙனமே சென்றனர். அவ்வாறு செல்வோருட் சிலரைத்தான் 'மரம் வெட்ட வா, கூலி மிகுதி' என்று தரகர்கள் வடக்கே இட்டுச் சென்றனர்.

வடக்கே இருப்பது செம்மரக் காடு. உலகில் வேறெங்கும் இயல்பாய் வளராத அம்மரம் கடப்பை, சித்தூர்ப் பக்கத்து மலைகளில் வளர்கின்றது. சீனமும் சப்பானும் அதற்குப் பெருவிலை தருகின்றன. கள்ள வணிகத்தில் கோடி திரட்டுவோன் வேறு. கோடரி தூக்குவோன் வேறு. கோடி திரட்டுவோன் நகரத்து மாளிகையில் இருக்கின்றான். கோடரி தூக்குவோன்தான் காட்டில் அகப்படுகின்றான்.

2015 ஏப்பிரல் 7. சேசாசலக் காட்டில் விடியற்போதில் இரண்டு இடங்களில் 20 தமிழர் சுட்டுக் கொல்லப்பட்டனர். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தார் அவருட் பெரும்பாலோர். சவ்வாது மலைச் சிற்றூர்களைச் சேர்ந்தோரும் அவர்களுள் உண்டு. எம்மைத் தாக்கினர், ஆதலின் சுட்டோம் என்றது ஆந்திர அதிரடிப்படை. உயிர் பிழைத்தோரோ, முன்னாளே பேருந்தினின்று தம் தோழர்களை இறக்கிக் கொண்டு சென்றனர் என்று இந்திய மாந்தவுரிமை ஆணையத்தின் முன் சான்று கூறினர். பேருந்தில் ஒரு பெண்ணின் அருகில் அமர்ந்திருந்தமையால், கணவன் மனைவியென எண்ணி விட்டுவிட்டனர் என்றார் அவருள் ஒருவர். நடுவண் புலனாய்வுத் துறை உசாவல் வேண்டும் என்றும், குடும்பத்திற்கு 5 இலக்கம் உருபா இடைக்கால உதவி வழங்க வேண்டும் என்றும் ஆணையம் பரிந்துரைத்தது.

எண்ணிப் பாருங்கள்! இருக்கை மாறியிருந்தால் உயிரும் மாறியிருக்கும். அப்பேருந்தில் இருந்த 'குடிவரவு அலுவலர்' எந்தத் தாளைப் பார்த்தார்? முகத்தைப் பார்த்தார், உடையைப் பார்த்தார், வாயினின்று வந்த மொழியைக் கேட்டார். தமிழே அங்குக் குற்றத்திற்குச் சான்றாயிற்று!

இது முதன்முறையும் அன்று, இறுதிமுறையும் அன்று. 2013 திசம்பரில் அதே காட்டில் வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்டனர். அக்கொலை கொடியதே, அதனை எவரும் ஞாயப்படுத்தார். ஆயின் அதன்பேரில் சில நூறு தமிழர் வளைத்துப் பிடிக்கப்பட்டுச் சிறையில் வாடினர். 2016-இல் திருப்பதி வழக்குமன்றம் அவர்களை விடுவித்தது. சிறையில் கழிந்த நாட்களை எந்த மன்றம் திருப்பித் தரும்? 2018 பிப்பிரவரியில் கடப்பை மாவட்டத்து ஒண்டிமிட்டை ஏரியில் தமிழர் ஐவரின் உடல்கள் மிதந்தன.

இனி நாட்டு எல்லையின் நடைமுறையோடு இதனை ஒப்பிட்டு நோக்குவோம். நுழைவு மறுக்கப்பட்ட அயல்நாட்டானை, அவனைக் கொண்டுவந்த வானூர்தி நிறுவனமே திருப்பிக் கொண்டு செல்லுதல் வேண்டும். அவன் தளையிடப்பட்டால், தன் நாட்டுத் தூதரகத்திற்குச் செய்தி சொல்லுமாறு கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு. 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவு அது. இவ்வுரிமை மறுக்கப்பட்டது என்று சொல்லி, பாக்கித்தானில் சாவொறுப்புப் பெற்ற முன்னாள் கடற்படை அலுவலர் ஒருவர்க்காக இந்திய அரசே பன்னாட்டு வழக்குமன்றம் ஏறியது. 2019 சூலை 17-இல் வெற்றியும் கண்டது. நன்று! ஓர் உயிருக்காகத் தில்லி கடல் கடந்து சென்றது. 20 உயிர்களுக்காகச் சென்னை எல்லை கடந்து சென்று செய்தது என்ன? அறிக்கை விட்டது, மடல் எழுதியது, இழப்பீடு தந்தது, மறந்தது.

திருப்பதியில் பிடிபடும் செருமானியனுக்குத் தூதரகம் உண்டு. திருப்பதியில் பிடிபடும் நெல்லிவாசல்நாட்டானுக்கு எவர் உளர்?

'இந்தியர் எவரும் இந்நாடு முழுதும் தடையின்றிச் செல்லலாம்' என்கின்றது அரசியற் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. 'பிடித்தவனுக்குக் கரணியம் சொல். 24 மணி நேரத்தில் நடுவர்முன் நிறுத்து' என்கின்றது 22-ஆம் பிரிவு. தடுப்புக்காவலில் வைக்கப்பட்டவனுக்கு அவன் அறிந்த மொழியில் கரணியம் உணர்த்தப்பட வேண்டும் என்று 1962-இலேயே அரிகிசன் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. தெலுங்கில் எழுதிய தாளில் கைந்நாட்டு வைக்கும் மலைத்தமிழனுக்கு இவற்றை எடுத்துரைப்பார் யார்? ஏட்டில் உள்ள உரிமை, எடுத்துச் சொல்ல ஆளில்லாதவிடத்து வெறும் மையே.

'திருடப் போனவனுக்குப் பரிந்து பேசுகின்றீரே' என்பார் சிலர். மரம் வெட்டியவனை வழக்குமன்றத்தில் நிறுத்துக. குற்றம் மெய்ப்பிக்கப்படின் சட்டம் சொல்லும் ஒறுப்பைத் தருக. அதற்கு நாம் தடை சொல்லவில்லை. மரம் வெட்டியதற்குச் சாவொறுப்பு எந்தச் சட்டத்தில் உள்ளது? 'தெலுங்கரைப் பகைக்கின்றீர்' என்பார் வேறு சிலர். தெலுங்கு உழவரோடும் கூலியாளரோடும் நமக்குப் பகையே இல்லை. 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரியும் முன்னர், சவ்வாது மலையடிப் போளூரும் திருப்பதியைக் கொண்ட சந்திரகிரியும் ஒரே வட ஆர்க்காடு மாவட்டமாக இருந்தவையே. நம் வழக்கு, துமுக்கி ஏந்திய ஆட்சியோடும், வாய்மூடிக் கிடந்த நம் ஆட்சியாளரோடுமேயாம்.

2021 முதல் அயலகத் தமிழர்க்கெனத் தமிழ்நாட்டரசில் ஒரு துறை உள்ளது. சனவரி 12 அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. கடல் கடந்த தமிழர்க்கு அச்சிறப்புத் தகும்; குறைகூறோம். ஆயின், அப்பந்தலில் சேசாசலத்தில் கணவனை இழந்த மலைமகளுக்கும் ஓர் இருக்கை உண்டா?

ஆகவே நாம் கேட்பன இவை. திருப்பதியிலும் கடப்பையிலும் தமிழும் தெலுங்கும் அறிந்த வழக்குரைஞர்களைக் கொண்ட நிலையான தமிழ்நாட்டரசு அலுவலகம் வேண்டும். பிடிபட்ட தமிழன் பெயர் 24 மணி நேரத்திற்குள் அவன் குடும்பத்திற்கு எட்ட வேண்டும். ஆள் அனுப்பும் தரகனை மலையடியிலேயே பிடித்துத் தளையிட வேண்டும். அனைத்திற்கும் மேலாக, மலையில் விளைவதற்கு மலையிலேயே உரிய விலை வேண்டும். கூலி அங்கே கிடைப்பின் எவன் அயற்காட்டில் குண்டுக்கு மார்பு காட்டுவான்?

தமிழ் நெஞ்சங்களே! ஆட்சியாளர் செய்யும் வரை நாம் காத்திருத்தல் வேண்டா. வழக்குரைஞராய் உள்ளோர் மலையேறுக. ஆசிரியராய் உள்ளோர் 22-ஆம் பிரிவை எளிய தமிழில் அம்மக்கட்கு ஓதுக. ஆந்திரத்தில் வாழும் தமிழர், சிறைப்பட்ட தமிழனுக்குத் துணைநிற்க. தூதரகம் இல்லாத் தமிழனுக்குத் தமிழினமே தூதரகம் ஆகட்டும்!