ஹரி நதியில் ஓர் அணை

"வீட்டைக் கட்டிப் பார்" என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? கொத்தனார் வந்தால் சித்தாள் வரமாட்டாள். இருவரும் வந்த அன்று சிமிண்டு வந்திராது! உள்ளூரிலேயே இந்தப் பாடு என்றால், சண்டை நடக்கும் தேசத்தில் போய் அணை கட்டியவர்கள் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல?

ஆப்கானிஸ்தானத்தில், ஹேராத் நகருக்குக் கிழக்கே 165 கிலோமீட்டரில், ஹரி நதியின் மேல் இருக்கிறது சல்மா அணை. 1970-களில் தொடங்கிய வேலை யுத்தத்தால் நின்று போயிற்று. பிற்பாடு அதைக் கட்டித் தரும் பொறுப்பை இந்திய அரசு ஏற்றது. நமது 'வாப்காஸ்' நிறுவனத்து என்ஜினீயர்கள் மேற்பார்வைக்குப் போனார்கள்.

சாமான்கள் போன வழியைக் கேளுங்கள். இங்கிருந்து கப்பலில் ஈரான் நாட்டுப் பந்தர் அப்பாஸ் துறைமுகம். அப்புறம் சாலை வழியாக 1,200 கிலோமீட்டர். எல்லையைத் தாண்டி இன்னும் 300 கிலோமீட்டர்! சிமிண்டும் இரும்புக் கம்பியும் அண்டை நாடுகளிலிருந்து வந்தன. ஆட்கள் போய் வருவதோ, பாதுகாப்பை முன்னிட்டு, மாதத்துக்கு ஒரே தடவை, ஹெலிகாப்டரில். புருஷனை அங்கே அனுப்பிவிட்டு இங்கே நாட்களை எண்ணியவளுக்கு ஒரு மாதம் எத்தனை நீளம் என்பதை நம் சகோதரிகளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இத்தனைக்கும் நடுவில் வேலையில் அவசரம் கூடாது. அது மண்ணாலும் பாறையாலும் ஆன அணை. மண்ணை ஒவ்வொரு அடுக்காகப் பரப்பி, உருளையால் இறுக்கி, சோதித்த பிறகே அடுத்த அடுக்கு. ஓர் அடுக்கு இளகியிருந்தாலும் நீர் கசியும். கசிவு நாளடைவில் ஓட்டையாகும். "குண்டுக்குப் பயந்து சீக்கிரம் முடித்தோம்" என்று தண்ணீரிடம் சமாதானம் சொல்ல முடியுமா? பயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு நிதானமாக நிற்பதுதான் அங்கே மேற்பார்வை.

2016 ஜூன் 4-ந் தேதி அணை திறக்கப்பட்டது. 42 மெகாவாட் மின்சாரம், 75,000 ஹெக்டேருக்குப் பாசனம் என்பது திட்டம். 2021-ல் ஆட்சி தாலிபான்களின் கைக்குப் போயிற்று. ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளிக் கதவு அடைபட்டது. அணையோ அசையாமல் நிற்கிறது.

"இதற்காகவா உயிரைப் பணயம் வைத்தார்கள்?" என்று சிலர் கேட்கலாம். விளக்கு எரியும் வீட்டில், என்றாவது ஒரு பெண் மறுபடி புத்தகத்தைப் பிரிப்பாள். அன்றைக்கு வெளிச்சம் தயாராக இருக்கவேண்டும், இல்லையா?